எஸ்டேட் சேலில் வாங்கிய சுருட்டுப் பெட்டி: 1893 சிகாகோ கண்காட்சிப் பதக்கங்கள், எதை வைத்துக்கொள்வது?

நேப்பர்வில் கோமதி:

எல்லோருக்கும் வணக்கம். நான் காசு, பதக்கம் எல்லாம் சேர்ப்பவள் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு எஸ்டேட் சேல் (ஒரு வீட்டுச் சாமானையெல்லாம் மொத்தமாக விற்பது) நடந்தது. நான் போனது ஒரு பித்தளை விளக்குக்காக, அதை யாரோ முந்திக்கொண்டார்கள். தையல் சாமான் மேசையில் பொத்தான் டப்பாக்களுக்கு நடுவே ஒரு பழைய சுருட்டுப் பெட்டி இருந்தது. கடைசி நாள் என்பதால் பாதி விலை, 40 டாலர் என்றார்கள். திறந்து பார்த்ததும் வைக்க மனசு வரவில்லை.

உள்ளே இருப்பவை பெரும்பாலும், கொலம்பஸ் அமெரிக்கா வந்த 400ஆம் ஆண்டைக் கொண்டாடி 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியைச் சேர்ந்தவை: கொலம்பஸ் தலை போட்ட 1893 அரை டாலர், நன்றாகத் தேய்ந்தது. ராட்சத ராட்டினம் (ஜயண்ட் வீல்) பொறித்த வெள்ளை நிறப் பதக்கம் ஒன்று, கையில் எடுத்தால் எடையே இல்லை. உள்ளங்கையை நிறைக்கிற பெரிய பழுப்புப் பதக்கம், பின்பக்கம் ஒரு வியாபாரியின் பெயர் இருக்கிறது (பெயரை இங்கே போடவில்லை). நசுக்கி நீளமாக்கின ஒரு செப்புக் காசு. கண்காட்சி நுழைவுச் சீட்டு இரண்டு, ரூபாய் நோட்டு மாதிரி அச்சு. அப்புறம் இதில் சேராத ஒன்று: ஈஃபிள் கோபுரம் போட்ட பொன் நிறப் பதக்கம், 1889.

என் கேள்விகள். பெரிய பதக்கம் அசல்தானா? எதை விற்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம்? மாமியார் புளி போட்டுத் தேய்த்தால் எல்லாம் பளபளவென்று ஆகிவிடும் என்கிறார், செய்யலாமா? மாமனாருக்கு வேறு சந்தோஷம்: "விவேகானந்தர் பேசிய இடத்துச் சீட்டு, பூஜை அறையில் வை" என்கிறார்.

வெள்ளிக்காசு முத்து:

அரை டாலரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதற்கு இங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்க அரசு அடித்த முதல் நினைவு நாணயம் அதுதான். கண்காட்சிக்குப் பணம் சேர்க்க 50 லட்சம் காசு அடிக்க அனுமதி கொடுத்தார்கள். 1892 என்று ஆண்டு போட்டது 9,50,000. உங்களிடம் இருக்கிற 1893 காசு 40 லட்சத்துக்கும் மேல். அரை டாலர் காசை ஒரு டாலருக்கு விற்றார்கள், இரட்டை விலை கொடுத்து எத்தனை பேர் வாங்குவார்கள்? 25 லட்சம் காசு போல உருக்கப்பட்டது. விற்காமல் மிஞ்சியதில் நிறைய சாதாரணக் காசாகவே கடைத்தெருவுக்குப் போய்விட்டது. தேய்ந்த காசுகள் இவ்வளவு கிடைப்பதற்குக் காரணம் அதுதான். 12.5 கிராம், 90 சதவீதம் வெள்ளி. உங்களுடையது மாதிரி தேய்ந்திருந்தால் வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும், அவ்வளவே. பேரனுக்குக் கொடுக்க நல்ல காசு.

முதலில் அடித்த காசை மட்டும் ரெமிங்டன் தட்டச்சுப்பொறி விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் 10,000 டாலருக்கு வாங்கியது. அந்தக் காலத்துப் பத்தாயிரம்! எல்லாம் விளம்பரத்துக்காக.

பெட்டியின் மூலையில் ஸ்பெயின் நாட்டு இசபெல்லா ராணி தலை போட்ட சின்னக் கால் டாலர் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள். அது வேறு கதை. பெர்த்தா பாமர் தலைமையில் இருந்த கண்காட்சியின் பெண்கள் குழு கேட்டு வாங்கியது, அடித்ததே 40,000 தான். அதையும் ஒரு டாலருக்கே விற்றார்கள். அதே விலைக்குப் பக்கத்தில் பெரிய காசு கிடைக்கும்போது சின்னக் காசை யார் வாங்குவது? 15,000க்கும் மேல் திரும்பிப் போய் உருகியது. அதனால் இன்றைக்கு அதற்குத்தான் மதிப்பு.

பட்டறைத் தாத்தா:

கோமதி அம்மா, முதலில் மாமியார் கையில் இருந்து புளியை வாங்கி ரசத்துக்கு வைத்துவிடுங்கள். விபூதியும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். அந்தப் பெரிய பதக்கத்தின் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, செய்யும்போதே கொடுத்த நிறம். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் மறுபடி கொண்டுவர முடியாது. பளபளவென்று இருக்கிற பதக்கத்தைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவன் பாதி விலைதான் கேட்பான்.

நான் கோயம்புத்தூரில் டை மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது மகன் வீட்டில், ஷாம்பர்க்கில் இருக்கிறேன். வாழ்நாள் முழுக்க எஃகில் அச்சு வெட்டி, பிரஸ்ஸில் ஏற்றி, தகட்டில் அடித்தே பழகியதால் பதக்கத்தைக் கையில் எடுத்தால் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விளிம்பைத்தான் பார்ப்பேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

அசல் பதக்கம் அச்சில் அடித்தது. போலி பெரும்பாலும் வார்த்தது, பணியாரக் குழியில் மாவு ஊற்றுகிற மாதிரி. வார்ப்பு ஆறும்போது உலோகம் சுருங்கும். செம்புக் கலவை நூற்றுக்கு ஒன்றரை பங்கு போல சுருங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசல் 76 மில்லிமீட்டர், அதை அச்செடுத்து வார்த்த நகல் 75 மில்லிமீட்டரைத் தாண்டுவதே சிரமம். அதனால் வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்குங்கள், இருபது டாலருக்கே கிடைக்கும். அளந்துவிட்டு விளிம்பைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரு தையல் கோடு, அல்லது அதை அரம் போட்டு ராவின தடம் இருந்தால் வார்ப்பு. பரப்பில் ஊசி முனைக் குழிகள் இருந்தாலும் வார்ப்பு. அடித்த பதக்கத்தில் எழுத்தின் ஓரம் கத்தி மாதிரி எழுந்து நிற்கும்.

இனி அந்தப் பெரிய பதக்கத்தின் கதை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது கண்காட்சியின் பரிசுப் பதக்கம், கடையில் விற்றது இல்லை. முன்பக்கம் சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் செய்தது: கொலம்பஸ் கையை விரித்துக்கொண்டு கரையில் கால் வைக்கிறார். பின்பக்கத்துக்கும் அவர்தான் வரைந்தார், ஆடையில்லாத ஒரு இளைஞன் கேடயத்தோடு நிற்கிற மாதிரி. அந்தப் படம் வெளியே கசிந்து ஒரு கம்பெனி விளம்பரத்தில் வந்துவிட்டது. செனட் வரைக்கும் ஆட்சேபம் போனது. கடைசியில் நாணயச் சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் செய்த பின்பக்கத்தைப் போட்டார்கள். செயின்ட்-காடன்ஸுக்குக் கடுங்கோபம். எனக்கும்தான், இத்தனை வருடம் கழித்து! முன்பக்கம் மூச்சு விடுகிறது. பின்பக்கத்தில் பூகோளம், இறக்கை முளைத்த பெண்கள், எழுத்துப் பலகை எல்லாம் கல்யாணப் பத்திரிகை ஓரம் மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டு பக்கமும் இரண்டு பேர் கையெழுத்து இருக்கும், தேடுங்கள்.

இந்தச் சண்டையில் கண்காட்சி முடிந்து, கட்டிடங்களும் எரிந்து போய், 1896இல்தான் பதக்கம் பரிசு பெற்றவர்கள் கைக்குப் போனது. அடித்தது கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பெரியில் இருந்த ஸ்கோவில் தொழிற்சாலை. இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்கிறது. பரிசு பெற்றவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல், ஒவ்வொரு பதக்கத்திலும் வேறு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் முழு அச்சு வெட்டினால் கட்டுப்படி ஆகுமா? பெயர் வருகிற இடத்துக்கு மட்டும் ஒரு சின்ன அச்சுத் துண்டு செய்து, பெரிய அச்சில் செருகி அடித்தார்கள். அதனால் உங்கள் வியாபாரியின் பெயர் மேலே எழும்பி நிற்க வேண்டும். குடைந்து எழுதியிருந்தால் பிற்பாடு யாரோ செய்த வேலை என்று சந்தேகப்படுங்கள். அவ்வளவு அகலமான வெண்கலத்தை ஒரே அடியில் அடிக்கவும் முடியாது. ஒரு அடி அடித்ததும் உலோகம் இறுகிவிடும். உலையில் வைத்து இளக்கி, மறுபடி அடித்து, மறுபடி இளக்கி, அப்புறம்தான் கொலம்பஸ் மூக்கு முழுசாக வரும். அதை நினைத்துத்தான் எனக்கு அந்தப் பதக்கத்தின் மேல் மரியாதை.

இன்னொரு விஷயம். இந்தக் கண்காட்சியில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கவில்லை. தேறியவர்கள் எல்லோருக்கும் ஒரே வெண்கலப் பதக்கம், ஒரு பட்டயம். ஆகவே "சிகாகோவில் முதல் பரிசு" என்று எவன் விளம்பரம் செய்தாலும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். பாப்ஸ்ட் பியர் டப்பாவில் 1893இல் அமெரிக்காவிலேயே சிறந்தது என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

வெள்ளை நிற ராட்டினப் பதக்கம் அலுமினியம். இன்றைக்கு டிபன் பாக்ஸ் உலோகம் என்று அலட்சியமாக வைத்துவிடாதீர்கள். 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைக்க அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்த காலத்தில் அது விலை உயர்ந்த பண்டம். 1886இல் மின்சாரத்தால் பிரிக்கும் முறை வந்ததும் விலை சரிந்து, 1890களின் தொடக்கத்தில் ஒரு பவுண்ட் ஒரு டாலருக்கும் கீழே வந்தது. அதிசயமாகவும் இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது, மெத்தென்று இருப்பதால் அடிக்கவும் சுலபம். நினைவுப் பொருள் செய்கிறவனுக்கு வேறு என்ன வேண்டும்? அந்தக் கண்காட்சிக்கு அடித்த அலுமினியப் பதக்கங்களுக்குக் கணக்கே இல்லை. அதில் ராட்டினம் போட்டவற்றுக்குத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். ஃபெரிஸ் செய்த முதல் ராட்டினம் அது, 264 அடி உயரம், 36 பெட்டி, ஒரு பெட்டியில் 60 பேர் வரை. ஏறுவதற்கு 50 சென்ட், கண்காட்சிக்குள் நுழையவும் அதே 50 சென்ட்.

டாலர் அளவில் இருக்கிற இந்த வகைப் பதக்கங்களை "சோ-கால்ட் டாலர்" என்பார்கள். ஹிப்ளர், காப்பன் என்ற இரண்டு பேர் 1963இல் போட்ட பட்டியல் உண்டு. விற்கிறவர்கள் "எச்.கே." என்று போட்டு ஒரு எண் எழுதுவது அதை வைத்துத்தான்.

நசுக்கின காசுக்கு ஒரு சுலபமான சோதனை. காசை உருட்டி நீளமாக்குகிற இயந்திரத்தை முதலில் வைத்ததே இந்தக் கண்காட்சியில்தான். பின்னால் அதே மாதிரி அச்சு செய்து நிறையப் பேர் உருட்டித் தள்ளினார்கள். காசைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பழைய உருவத்தின் நிழல் தெரியும். லிங்கன் தலை தெரிந்தால் தீர்ந்தது, லிங்கன் சென்ட் வந்ததே 1909இல். இறகு வைத்த தலையாக இருந்தால் நம்பிக்கை உண்டு. அதுவும் முழு உறுதி இல்லை, பழைய காசை எடுத்துப் பின்னால் உருட்டவும் ஆள் உண்டு.

ஜாக்சன் பார்க் ரவி:

தாத்தா விட்டுவைத்தது சீட்டு மட்டும்தான். அதை அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி அச்சடித்தது, நோட்டு மாதிரி இருப்பது அதனால்தான். போலிச் சீட்டு அடித்துவிடுவார்கள் என்ற பயம். கொலம்பஸ், வாஷிங்டன், லிங்கன், பழங்குடித் தலைவர் என்று நான்கு படங்களை முதலில் போட்டார்கள். உங்களிடம் எந்த இரண்டு? அக்டோபர் 9, சிகாகோ நாளுக்கு மட்டும் தனிச் சீட்டு உண்டு. 1871 பெருந்தீயின் 22ஆம் ஆண்டு நாள் அது, அன்றைக்கு ஒரே நாளில் 7 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அவ்வளவு பேர் வந்ததால் அந்தச் சீட்டும் அரிதில்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது.

மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சர்வசமயப் பேரவை கண்காட்சியின் பகுதிதான், ஆனால் கண்காட்சித் திடலில் நடக்கவில்லை. திடல் தெற்கே ஜாக்சன் பார்க்கில். விவேகானந்தர் செப்டம்பர் 11 அன்று பேசியது நகரத்துக்குள், மிச்சிகன் அவென்யூவில், இப்போது ஆர்ட் இன்ஸ்டிடியூட் இருக்கிற கட்டிடத்தில். அவருடைய சீடர் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டி அவரை அனுப்பியது உண்மை. அந்தச் சீட்டுக்கும் அந்த மேடைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பூஜை அறையில் வைப்பதில் தப்பில்லை, ஆனால் கற்பூரப் புகைக்கும் வெயிலுக்கும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், காகிதம் பாழாகிவிடும்.

திடலில் இருந்த பெரிய கட்டிடங்களில் மிஞ்சியது நுண்கலை அரண்மனை, இன்றைய அறிவியல் தொழில் அருங்காட்சியகம். மாமனாரை அங்கே ஒரு நாள் கூட்டிப் போங்கள்.

லாஷப்பல் தம்பி:

அக்கா, ஈஃபிள் பதக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நான் பாரிஸில் இருக்கிறன், ஞாயிற்றுக்கிழமைகளில் வான்வ் பழைய சாமான் சந்தைக்குப் போகாவிட்டால் எனக்குப் பொழுது போகாது.

ஒரு பக்கம் கோபுரம், மற்றப் பக்கம் பிரெஞ்சில் "ஏறியதன் நினைவு" என்ற மாதிரி எழுதியிருக்குதா? இருந்தால் எந்தத் தளம் என்று வாசியுங்கோ. முதல் தளம், இரண்டாம் தளம், உச்சி என்று வேறு வேறாக விற்றவை. 1889 பாரிஸ் கண்காட்சிக்கு எழுப்பின கோபுரம் அது, திறந்த புதிதில் லிப்ட் ஓடவில்லை, படியில்தான் ஏற வேண்டும். அப்படி ஏறிப் போனவர்கள் மட்டும் முப்பதாயிரம் பேருக்குக் கிட்ட. ஆகவே அந்தப் பதக்கம் ஆரோ ஒருவர் கால் நோக ஏறி வாங்கினதாகக்கூட இருக்கலாம். பதக்கம் செய்தவரின் பெயர், ட்ரொத்தான் என்று, சின்னதாக இருக்குதோ என்றும் பாருங்கோ. அரிது இல்லை, சந்தையில் அடிக்கடி காண்கிறன். விற்காமல் வைத்திருங்கோ என்பதுதான் என் எண்ணம்.

இனிமேல் பிரெஞ்சுக் கண்காட்சிப் பதக்கம் வாங்கப் போனால் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேணும். பாரிஸ் நாணயச் சாலை தன் பழைய அச்சுகளைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்டால் பிறகும் அடித்துக் கொடுக்கும். அதனால் 1867 கண்காட்சிப் பதக்கம் என்று கையில் இருப்பது இருபதாம் நூற்றாண்டில் அடித்ததாகவும் இருக்கலாம். அது போலி இல்லை, ஆனால் கண்காட்சிக் காலத்ததும் இல்லை. விளிம்பில் ஒரு சின்ன முத்திரை குத்தியிருக்கும். 1860 முதல் 1879 வரை தேனீ. 1880இலிருந்து இன்றுவரை பழம் நிரம்பி வழிகிற கொம்பு. ஆகவே 1867 பதக்கத்தில் தேனீ இருந்தால் சந்தோஷப்படலாம், கொம்பு இருந்தால் பிறகு அடித்தது. 1878 கண்காட்சிக்கும் இதே கணக்கு. 1889க்கும் 1900க்கும் இது உதவாது, அப்பவும் கொம்புதான், இப்பவும் கொம்புதான். விற்கிற ஆட்கள் விளிம்பைப் படம் எடுத்துப் போடுவது குறைவு, கேட்டு வாங்குங்கோ. கேட்டும் அனுப்பாவிட்டால் நான் வாங்கிறதில்லை.

சான் ஹோசே மாலா:

கோமதி, பதக்கத்தோடு நிற்காதீர்கள். நான் சேர்ப்பது உலோகமே இல்லை, கண்ணாடி. 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் 435 அடிக்கு ஒரு ரத்தினக் கோபுரம் கட்டி, பட்டை தீட்டின கண்ணாடிக் கற்கள் ஒரு லட்சத்துக்கு மேல் தொங்கவிட்டார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் குட்டிக் கண்ணாடி, காற்றில் ஆடி மின்னுவதற்கு. அந்தக் கற்களை "நோவாஜெம்" என்று பெயர் போட்டு நினைவுப் பொருளாக விற்றார்கள். பித்தளைப் பிடியும் பழைய அட்டையும் சேர்ந்து கிடைத்தால்தான் நான் வாங்குவேன். தனிக் கல்லாக வந்தால் பழைய சரவிளக்கிலிருந்து கழன்றதா, கோபுரத்திலிருந்து வந்ததா என்று நிச்சயமாகச் சொல்வது கஷ்டம்.

உங்கள் பெட்டியின் அடியில் பச்சையாக வெள்ளரிக்காய் ஊறுகாய் வடிவத்தில் ஒரு குட்டித் தொங்கட்டான் கிடக்கிறதா பாருங்கள். ஹைன்ஸ் என்ற ஊறுகாய்க் கம்பெனிக்கு 1893 கண்காட்சியில் மாடியில் இடம் கிடைத்தது, யாரும் ஏறி வரவில்லை. இலவசப் பரிசு என்று சீட்டு அடித்துக் கீழே விநியோகித்தார்கள். கூட்டம் படியேறி வந்து அந்த ஊறுகாயை வாங்கிப் போனது. 1939 நியூயார்க் கண்காட்சியிலும் ஊறுகாய் ஊசிப்பின் கொடுத்தார்கள்.

நேப்பர்வில் கோமதி:

எல்லோருக்கும் நன்றி. ஊறுகாய் இல்லை, இசபெல்லாவும் இல்லை, இரண்டு தையல் ஊசி மட்டும் கிடைத்தது.

காலிப்பர் வாங்கி அளந்துவிட்டேன். பெரிய பதக்கம் சரியாக 76. பெயர் எழும்பி நிற்கிறது, விளிம்பில் கோடு எதுவும் கண்ணில் படவில்லை. தாத்தா சொன்ன இரண்டு கையெழுத்தும் இருக்கின்றன. பெயரை வைத்துத் தேடினேன்: இணைய நூலகத்தில் ஸ்கேன் செய்து போட்டிருக்கிற கண்காட்சியின் பழைய பட்டியலில் விஸ்கான்சின் பாலாடைக்கட்டி செய்தவர்கள் வரிசையில் அதே பெயர் அகப்பட்டது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், இவ்வளவு பெரிய கொலம்பஸ் ஒரு சீஸுக்கா என்று.

நசுக்கின காசில் இறகு தெரிகிறது. ஈஃபிள் பதக்கம் இரண்டாம் தளம். சீட்டில் ஒன்று லிங்கன், ஒன்று பழங்குடித் தலைவர். லிங்கனை மாமனார் எடுத்துக்கொண்டார், மிச்சிகன் அவென்யூ விவரம் சொன்ன பிறகும்.

அரை டாலரை மட்டும் விற்கலாம் என்று நினைக்கிறேன். மற்றதை எதில் போட்டு வைப்பது? கடையில் மெத்தென்று ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள்.

பட்டறைத் தாத்தா:

அந்த மெத்தென்ற உறை பி.வி.சி. நாளாக நாளாக அதிலிருந்து அமிலம் கசிந்து வெண்கலத்தில் பச்சைப் பிசின் படியும். திருப்பிக் கொடுத்துவிட்டு மைலார் உறை என்று கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் விறைப்பாக, சலசலக்கும். அலுமினியத்தைத் தனியாக வையுங்கள், மற்றது உரசினாலே கீறல் விழும். விரலால் தொடுவதென்றால் ஓரத்தைப் பிடித்து மட்டும். சுருட்டுப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், ஆனால் பதக்கத்தை அதற்குள் திரும்ப வைக்கவும் வேண்டாம், மரத்திலிருந்தும் பழைய காகிதத்திலிருந்தும் அமில வாடை வரும்.

பரிசுப் பதக்கத்தோடு வெல்வெட் வைத்த அலுமினிய உறைப்பெட்டி ஒன்று வந்திருக்கும். எஸ்டேட் சேல் நடத்தியவர்களுக்கு ஒரு போன் போட்டு, விற்காமல் மிஞ்சிய சாமானில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். மிஞ்சியதை மொத்தமாக அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பதக்கத்தை நகைத் தராசில் வைத்து எடையை இங்கே எழுதுங்கள், என்னிடம் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.